சப்வே: அடியில் போவது ஆளா, ரயிலா?

நியூயார்க்கில் சப்வே என்றால் ரயில். லண்டனில் அதே சொல்லைச் சொல்லி வழி கேட்டால் சாலைக்கு அடியில் போகும் நடைபாதையைக் காட்டுவார்கள். தமிழில் நாம் எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் பொருளை. அதனால் 'சப்வேயில் கூட்ட நெரிசல்' என்று அமெரிக்கச் செய்தியை அப்படியே எழுதினால், நம் வாசகர் மனத்தில் மழைநீர் தேங்கிய சுரங்கப்பாதைதான் வரும்.

'சப்' லத்தீன் முன்னொட்டு, அடியில் என்று பொருள். 'வே' ஆங்கில வழி. அடிவழி, அவ்வளவுதான். அதில் போவது ஆளா, வண்டியா என்பதைச் சொல் சொல்லவே இல்லை; குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. 1897இல் அமெரிக்க நகரமான பாஸ்டனின் டிரெமான்ட் தெருவுக்கு அடியில் டிராம் வண்டிகளுக்காகத் திறந்த சுரங்கத்துக்குச் சப்வே என்று பெயரிட்டார்கள். 1904இல் நியூயார்க்கும் அதே பெயரை வைத்துக்கொண்டது. பிரிட்டனில் ஒரு விதிவிலக்கு கிளாஸ்கோ. 1896இல் திறந்த அதன் ரயிலுக்கும் சப்வே என்றே பெயர். 1936இல் அதை அண்டர்கிரவுண்ட் என்று மாற்றினார்கள். ஊர் மக்கள் வாயில் அது ஒட்டவில்லை. 2003இல் பழைய பெயரே திரும்பி வந்தது.

மெட்ரோ வேறு கதை. லண்டனில் 1863இல் ஓடத் தொடங்கிய மெட்ரோபாலிட்டன் ரயில்வே, 1900இல் பாரிஸில் வந்த மெட்ரோபாலிடன் ரயில் ஆகிய பெயர்களின் சுருக்கம் அது. மூலம் கிரேக்கம்: தாய், நகர் என்ற இரு சொற்கள் சேர்ந்த 'தாய்நகர்'. பூமிக்கு அடியில் என்ற பொருள் அதில் துளியும் இல்லை. ஆகவே தூண்கள்மேல் ஓடும் மெட்ரோவைச் 'சுரங்க ரயில்' என்று எழுதுவது பிழை. அடியில் ஓடும் சப்வே ரயிலுக்கு அந்தப் பெயர் பொருந்தும்.

இனிச் 'சுரங்கம்' என்பதைப் பார்ப்போம். குழல், குழாய் என்று பொருள்படும் 'சிரிங்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லே வடமொழியில் 'சுருங்கா' ஆனது என்பது மொழியியலார் பலரின் கருத்து. தமிழில் அது சுருங்கை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக்குள் செல்லும் வழி, யானைக் கூட்டம் பெயரும் 'சுருங்கை வீதி'. ஆக, அயல்சொல்லை விலக்கிச் சுரங்கம் என்று எழுதும்போதும் நாம் ஒரு பழைய அயல்சொல்லைத்தான் எழுதுகிறோம் போலும். அதற்காக அதைத் துரத்த வேண்டியதில்லை. இத்தனை நூற்றாண்டு இருந்த சொல் வீட்டுக்காரர்தான். இதில் ஒரு வேடிக்கை: லண்டன்வாசிகள் தங்கள் ரயிலை 'டியூப்' என்பார்கள். அதுவும் குழாய்தான்.

எனவே சப்வே ஸ்டேஷன் என்பது சுரங்க ரயில் நிலையம். பல தடங்கள் கூடும் 'ஹப்' என்றால்? ஆங்கிலத்தில் அது சக்கரத்தின் நடுப்பகுதி. ஆரக்கால்கள் வந்து பொருந்தும் இடம். அதற்குத் தமிழில் குறடு என்ற சொல் சிறுபாணாற்றுப்படையிலேயே உண்டு. ஆனால் இன்று குறடு என்றால் ஆணி பிடுங்கும் கருவி. 'போக்குவரத்துக் குறடு' என்று எழுதினால் சிரிப்பார்கள். 'முனையம்' என்று எழுதுவோரும் உண்டு. முனை என்பது பாதை முடியும் இடம். தடங்கள் ஊடறுத்துப் போகும் நிலையத்துக்கு அது ஒவ்வாது. ரயில்வே ஏற்கெனவே நமக்குப் பழக்கிவிட்ட 'சந்திப்பு' போதும். ரயிலோடு பேருந்தும் சேர்ந்தால் போக்குவரத்து மையம் எனலாம். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்க நிலையம் அப்படிப்பட்டது: பல சுரங்க ரயில் தடங்கள் அங்கே கூடுகின்றன, போர்ட் அதாரிட்டி பேருந்து நிலையத்துக்கும் நிலத்தடியிலேயே நடந்து போகலாம்.

சப்வே பலகைகளில் காணும் இன்னொரு சொல் 'டவுன்டவுன்'. அதைப் பொதுவாக நகர மையம் என்று பெயர்த்தால் தவறில்லை. ஆனால் அந்தச் சொல் பிறந்த மன்ஹாட்டனில், அதாவது நியூயார்க்கின் தீவுப் பகுதியில், எச்சரிக்கை தேவை. நகரம் தீவின் தென்முனையில் தொடங்கி வடக்கே வளர்ந்ததால், அங்கே டவுன்டவுன் என்பது தெற்கு. டைம்ஸ் சதுக்கமே தீவின் நடுப்பகுதியான மிட்டவுனில்தான் இருக்கிறது. அந்த நிலையத்தின் நடைமேடைப் பலகையில் உள்ள டவுன்டவுனைத் தமிழாக்கினால் 'தெற்கே செல்லும் ரயில்கள்' என்றே எழுத வேண்டும்.