மூன்று வாரம் தாண்டிய தொண்டைக் கட்டு

என் பேச்சுப் பயிற்சி அறைக்கு வருகிறவர்களில் சிலர் கையில் சிலேட்டோடு வருவார்கள். புற்றுநோய் காரணமாகக் குரல்வளையையே எடுத்துவிட்டவர்கள். முதல் நாள் எல்லோரிடமும் ஒன்றைக் கேட்பேன்: தொண்டை கட்ட ஆரம்பித்தது எப்போது? "ஆறு மாசம் முன்னாடி" என்று எழுதுவார்கள். "போன தீபாவளிக்கு" என்று எழுதியவரும் உண்டு. அதுவரை மிளகுப் பால், அதிமதுரம், உப்பு வெந்நீர், மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை. பீடியோ சிகரெட்டோ மட்டும் நிற்காது.

அந்த சிலேட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஜாக் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேய நடிகர் எனக்கு நினைவுக்கு வருகிறார். 'பென்-ஹர்' பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். துடுப்புப் போடும் அடிமைகளின் கப்பலில் வரும் ரோமானியத் தளபதி ஏரியஸ் அவர்தான்.

1910ல் லண்டனின் வுட் கிரீன் பகுதியில் பிறந்தவர். சிறுவனாகவே மேடை ஏறி, 18 வயதில் நியூயார்க்கின் பிராட்வே வரை போய்விட்டார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். படைவீரர்களுக்கு நாடகம் போடும் அமைப்பை இங்கே நடத்தினார். 1953ல் 'தி க்ரூயல் சீ' படத்தில் போர்க்கப்பல் கேப்டனாக நடித்தது அவரைப் பெரிய நட்சத்திரமாக்கியது. இலங்கையில் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' 1957ல் வந்தது. ராணுவ அதிகாரி, போலீஸ் அதிகாரி என்று அவருக்கு வந்த வேடங்களுக்கெல்லாம் அந்தக் கனமான குரல்தான் முதலீடு. கூடவே ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் சிகரெட்.

'பென்-ஹர்' வெளியான அதே 1959ல், வெளியே யாருக்கும் தெரியாமல் குரல்வளைக்கு கோபால்ட் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டார். நம் ஊரில் 'கரண்டு வைப்பது' என்கிறோமே, அதுதான். அதற்குப் பிறகு, குரல் இருக்கும்போதே நடித்துவிட வேண்டும் என்பதுபோல வந்த வேடங்களையெல்லாம் ஏற்றார். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வின் ஜெனரல் ஆலன்பி அந்த ஆண்டுகளில் நடித்ததுதான். 1965 டிசம்பரில் தொண்டைப் புற்று என்று உறுதியானது. அடுத்த மாதமே குரல்வளை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 55.

அவர் மறைத்தது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குரல்தான் சோறு போடுகிறது என்றால், அது கெட்டுவிட்டது என்று யார்தான் வெளியே சொல்வார்கள்? என்னிடம் வரும் ஆசிரியர்களும், தெருவில் காய் விற்கிறவர்களும் அப்படித்தான் மறைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உடம்பில் பல புற்றுநோய்கள் சத்தமில்லாமல் வளரும். குரல்நாணில் வருவது அப்படியில்லை. அரிசி மணி அளவு தடிப்பு வந்தாலே நாண் சரியாக அதிராது, குரல் கரகரத்துவிடும். அந்த நிலையிலேயே பிடித்துவிட்டால் கதிர்வீச்சோ லேசரோ மட்டும் பெரும்பாலும் போதும். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாகிறது, குரல்வளையும் தப்பிக்கிறது. ஆகவே கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். புகைக்கிறவர் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை. சதை எடுத்துப் பரிசோதித்தால் புற்று பரவிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தில் போகும் மாதங்களில்தான் புற்று பரவுகிறது.

சரி, குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றால்? கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதற்குப் பிறகு மூச்சு அந்த வழியாகத்தான். குளிக்கும்போது அதில் தண்ணீர் போகக் கூடாது. வாசனை சரியாகத் தெரியாது. சூடான காப்பியை ஊதிக் குடிக்க முடியாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஹாக்கின்ஸ் வீட்டில் பேச ஒரு கருவியை வைத்துக்கொண்டார். நடிப்பை விடவில்லை. முகத்தையும் கண்ணையும் வைத்து நடிப்பார், குரலை ராபர்ட் ரியெட்டியோ சார்லஸ் கிரேயோ அவர் சம்மதத்தோடு கொடுப்பார்கள். 'வாட்டர்லூ', 'யங் வின்ஸ்டன்' எல்லாம் குரல் போன பிறகு அவர் நடித்தவை. ஆனால் சிகரெட்டையும் அவர் விடவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. 1973ல் செயற்கைக் குரல் பொருத்த, அப்போது சோதனை நிலையில் இருந்த ஓர் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தார். அதன் பிறகு ரத்தக்கசிவு ஏற்பட்டு, ஜூலை 18 அன்று இறந்தார். வயது 62.

மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சிறிய சிலிகோன் வால்வு வைக்கும் முறையை சிங்கர், ப்ளோம் என்ற இரு அமெரிக்கர்கள் 1980ல் வெளியிட்டார்கள். துளையை விரலால் மூடிக்கொண்டு மூச்சை விட்டால் காற்று உணவுக்குழாய் வழியாக வந்து குரலாகும். சில மாதங்களுக்கு ஒருமுறை வால்வை மாற்ற வேண்டும். அதுதான் செலவு.

வால்வு வாங்க முடியாதவர்களுக்குக் காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, ஏப்பம்போல வெளியே விட்டுப் பேசச் சொல்லித் தருகிறேன். ப, த, க சொல்லும்போது வாயில் சேரும் அழுத்தமே காற்றை உள்ளே தள்ளும். இதற்குத் தமிழ் ரொம்ப வசதி. பாப்பா, தாத்தா, காக்கா என்றுதான் பாடம் ஆரம்பிக்கும். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

சமீபத்தில் ஒரு பெரியவர் ஐந்தாவது வாரம் வரை ஒரு சத்தமும் வராமல் சோர்ந்து போயிருந்தார். ஆறாவது வாரம் அவர் மனைவி போன் செய்தார். காலையில் சமையலறை வாசலில் நின்று "காப்பி" என்று கேட்டாராம். டபராவில் நன்றாக ஆற்றிக் கொடுத்தாராம்.