ரெஜிசைடு: கொலையா, கொலையாளியா?

‘ரெஜிசைடு நடந்தது’ என்று எழுதலாம். ‘ரெஜிசைடு பிடிபட்டான்’ என்றும் எழுதலாம். ஆங்கிலத்தில் இரண்டும் பிழையில்லை. பிரெஞ்சிலும் அப்படியே. அரசனைக் கொன்ற செயலுக்கும் கொன்ற ஆளுக்கும் அங்கே ஒரே சொல். மொழிபெயர்க்க உட்காருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ‘மன்னர்கொலை’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால், ‘மன்னர்கொலை தூக்கிலிடப்பட்டது’ என்று எழுதிவைக்க நேரிடும்.

குழப்பம் லத்தீனில் இல்லை. அங்கே ‘ரெக்ஸ்’ என்றால் அரசன். நம் ‘ராஜா’வுக்கு மூலமான வடமொழிச் சொல்லும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. வெட்டி வீழ்த்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து இரண்டு ஈறுகள் பிறந்தன: ‘கீடா’ என்று முடிந்தால் கொல்பவன், ‘கீடியும்’ என்று முடிந்தால் கொல்லுதல். பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் வந்தபோது கடைசி அசைகள் தேய்ந்து, இரண்டும் ‘சைடு’ ஆகிவிட்டன. பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் பெஸ்டிசைடின் வாலும் இதே வால்தான். அதைப் ‘பூச்சிக்கொல்லி’ என்று அழகாகத் தமிழாக்கினோம். அந்த வழியில் ‘அரசக்கொல்லி’ என்று சொல்லிப் பாருங்கள், எலிமருந்து வாடை அடிக்கும்.

பிரான்சில் இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வரும் பெயர் பிரான்சுவா ரவையாக். அங்கூலேம் ஊர்க்காரன், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தவன். துறவு மடத்தில் சேர்ந்தான்; காட்சிகள் தெரிவதாகச் சொல்லிக்கொண்டிருந்ததால் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிரெஞ்சு அரசன் நான்காம் ஹென்றி புராட்டஸ்டண்டுகளுக்கு இடம் கொடுக்கிறான், போப்பாண்டவர் மீதே போர் தொடுக்கப் போகிறான் என்ற எண்ணம் அவன் மண்டைக்குள் ஏறிவிட்டது.

1610 மே 14. அரசி மரீ தெ மெடிசிக்கு முடிசூட்டி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நோயில் கிடந்த அமைச்சர் சுல்லியைப் பார்க்க அரசன் கோச்சு வண்டியில் கிளம்பினான். பாரிஸின் ஃபெரோனெரி தெரு குறுகலானது. எதிரே ஒரு வைக்கோல் வண்டி, ஒரு திராட்சை மது வண்டி, கோச்சு நின்றுவிட்டது. கூட வந்த ஏவலர்களில் சிலர் குறுக்கு வழியாகப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டார்கள். வண்டியின் திரைகள் விலக்கியிருந்தன. ரவையாக் சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறிக் குத்தினான். இரண்டாம் குத்து உயிரைப் பறித்தது. கத்தி ஒரு விடுதியில் திருடியது. குத்திய பிறகு அவன் ஓடவில்லை. கத்தியும் கையுமாக அங்கேயே நின்றான்.

ஆனால் நீதிமன்றம் தன் தீர்ப்பில் அவன் குற்றத்துக்கு இட்ட பெயர் ‘பாரிசைடு’, அதாவது தந்தைக்கொலை. அரசன் நாட்டுக்குத் தந்தை, ஆகவே அவனைக் கொன்றவன் தகப்பனைக் கொன்றவன். உவமையாகச் சொன்னதில்லை இது, சட்டத்தின் மொழி. மே 27 அன்று கிரேவ் சதுக்கத்தில் நான்கு குதிரைகள் பூட்டி அவன் உடலைப் பிய்த்தார்கள். பெற்றோரை நாடு கடத்தினார்கள். உறவினர் எவரும் இனி ரவையாக் என்ற பெயரைச் சுமக்கக் கூடாது என்று தடை போட்டார்கள்.

சொல் இன்னும் நீளும். 1757 ஜனவரி 5 அன்று வெர்சாயில் தமியேன் என்பவன் பதினைந்தாம் லூயியைச் சிறு கத்தியால் குத்தினான். குளிர்காலத்துக் கனத்த உடை. காயம் ஆழமில்லை, அரசன் பிழைத்துக்கொண்டான். தமியேனுக்கோ ரவையாக்குக்குக் கொடுத்த அதே தண்டனை. பிரெஞ்சில் அவனையும் ரெஜிசைடு என்பார்கள். கொல்லாதவனும் ‘அரசனைக் கொன்றவன்’ ஆகிவிடும் விந்தை! தமிழில் அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். ‘கொல்ல முயன்றவன்’ என்று விரிக்காமல் வழியில்லை.

1793இல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, சொல் தலைகீழாகப் புரண்டது. பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை என்று தேசிய மாமன்றத்தில் 387 பேர் வாக்களித்தார்கள். 334 பேர் மறுபக்கம். ஜனவரி 21 அன்று கில்லட்டின் இறங்கியது. முடியாட்சி திரும்பியபின், வாக்களித்தவர்களுக்கு ஒட்டிய பெயர் ‘ரெஜிசைடுகள்’. அவர்களில், நெப்போலியன் 1815இல் திரும்பி வந்து நடத்திய நூறு நாள் ஆட்சியை ஆதரித்தவர்களை 1816 ஜனவரியில் வந்த சட்டம் நாடு கடத்தியது. ஓவியர் ழாக் லூயி தவீத் பிரஸ்ஸல்ஸுக்குப் போய் அங்கேயே 1825இல் இறந்தார். கத்தி பிடித்த ரவையாக்குக்கும் வாக்களித்த தவீதுக்கும் ஒரே முத்திரை. இவர்களைக் ‘கொலையாளிகள்’ என்று தமிழாக்கினால் மொழிபெயர்ப்பாளரே அரச கட்சியில் சேர்ந்துவிட்டதாக ஆகும்.

இப்போது தமிழ்ச் சொல். ‘கோக்கொலை’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் ‘கோ’ பசுவும் ஆகும், வம்பு வேண்டாம். ‘ராஜத்துரோகம்’ கொலையே இல்லாத குற்றங்களையும் அள்ளிக்கொள்ளும். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களை உடையார்குடிக் கல்வெட்டு ‘துரோகிகள்’ என்றே சொல்கிறது. அவர்களுடைய உறவினர் நிலங்களையும் சேர்த்துப் பறித்த செய்தி அதில் இருக்கிறது. அது அரசின் வசைச்சொல், செயலின் பெயர் ஆகாது. ‘படுகொலை’யை நாளிதழ்கள் ஒரு தலைவரைச் சுட்டாலும் எழுதுகின்றன, ஊரையே அழித்தாலும் எழுதுகின்றன.

என் தேர்வு: செயலுக்கு ‘மன்னர்கொலை’. ஆளுக்கு ‘மன்னனைக் கொன்றவன்’. ‘மன்னர்கொலையாளி’ என்று ஒட்டினால் மன்னரே கொலைகாரர் என்றும் படலாம். 1793க்காரர்களுக்கு ‘மன்னனின் மரணத்துக்கு வாக்களித்தவர்கள்’. நீளம்தான், ஆனால் யார் பக்கமும் சாயாது.

ஒரு சிக்கல் மிச்சம். 1820 பிப்ரவரி 13 இரவு, பாரிஸ் ஓப்பரா வாசலில் அரச குடும்பத்து இளவரசரான பெர்ரி கோமகனை லூவெல் என்பவன் குத்தினான். அரச லாயத்தில் சேணம் தைத்த தொழிலாளி. பிரான்சை ஆண்ட பூர்போன் வம்சத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகக்கூடியவர் இவர் ஒருவர்தான், இவர் போனால் வம்சமே போகும் என்பது அவன் கணக்கு. கோமகன் மறுநாள் காலையில் இறந்தார்; இறக்குமுன், தன்னைக் குத்தியவனை மன்னிக்கும்படி வேண்டினார். லூவெலை ஜூனில் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். கோமகனின் மனைவியோ அப்போது கருவுற்றிருந்தார். செப்டம்பர் 29 அன்று ஆண் குழந்தை பிறந்தது. கொல்லப்பட்டவர் முடிசூடாதவர், ஆகவே மன்னர்கொலை இங்கே பொருந்தாது. ‘இளவரசர் கொலை’ என்றே எழுதுவேன்.