45 நாள் விளையும் 60 நாள் விளையும்

எங்கள் விளையில், அதாவது தென்னந்தோப்பில், 45 நாளுக்கு ஒருமுறை தேங்காய் வெட்டு. தக்கலைப் பக்கம் அக்கா விளையில் 60 நாளுக்கு ஒருமுறை. இரண்டுக்கும் வெட்ட வருகிறவர் ஒருவர்தான். இன்றைக்கு இரண்டு விளையிலும் வெட்டு என்றால், அடுத்து எப்போது இரண்டும் ஒரே நாளில் வரும்? அண்ணன் மகளிடம் கேட்டேன். பெருக்கிப் பார்த்து 2700 நாள் என்றாள். அன்றைக்கும் இரண்டும் சேரும், உண்மைதான், ஆனால் அதற்கு ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் எத்தனையோ தடவை சேர்ந்து முடிந்திருக்கும். முதல்முதலாகச் சேரும் நாள்தான் மீச்சிறு பொது மடங்கு.

அதைக் கண்டுபிடிக்க இரண்டு எண்களையும் பகா எண்களாகும் வரை உடைக்க வேண்டும். 45 = 3×3×5. 60 = 2×2×3×5. 60-ஐ 6×10 என்று தொடங்கினாலும் 4×15 என்று தொடங்கினாலும் கடைசியில் கையில் நிற்பது அதே நான்கு எண்கள்தான். எந்த எண்ணுக்கும் இப்படித்தான், கணித மேதை கௌஸ் 1801-இல் இதைத் தெளிவாக நிரூபித்தார், இந்த முறை முழுக்க நிற்பது இதன்மேல்தான்.

சரி, அப்புறம் வகுப்பில் சொல்வார்கள்: ஒவ்வொரு பகா எண்ணுக்கும் பெரிய அடுக்கை எடுத்துப் பெருக்கு. 2²×3²×5 = 180. விடை வந்துவிடும். "ஏன் சித்தப்பா பெரிய அடுக்கு? எல்லாத்தையும் சேர்த்தா என்ன?" என்றாள் அவள். விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு தாளில் 2 2 3 3 5 என்று இடம்விட்டு எழுதச் சொன்னேன். 3, 3, 5 மூன்றையும் விரலால் மறைத்தால் 45 மறைந்துவிடும், வெளியே தெரிவது 2×2, அதாவது 4. எங்கள் விளையில் நாலாவது வெட்டு. விரலை எடுத்துவிட்டு 2, 2, 3, 5-ஐ மறைத்தால் 60 மறையும், மிஞ்சுவது ஒரே ஒரு 3. அக்கா விளையில் மூன்றாவது வெட்டு. பொது மடங்கு என்றால் 45-உம் 60-உம் அதற்குள் முழுசாக அடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 45-க்கு இரண்டு 3 தேவை, ஒன்றை அழித்துவிட்டால் 60 மட்டுமே மிஞ்சும், அதில் 45 அடங்காது. 60-க்கு வேண்டிய 3 அந்த இரண்டிலேயே இருக்கிறது, அதற்கென்று இன்னொன்று வேண்டாம். 5-உம் அப்படியே. 2700-இல் ஒரு 3-உம் ஒரு 5-உம் அதிகப்படியாக ஏறியிருக்கின்றன, அதனால்தான் அது 180-ஐப் போல் 15 மடங்கு.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டுகிறார்கள் என்று 2-ஐயும் சேர்த்தாலும் 180 மாறாது, 2 ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இன்றைக்குத் திங்கள்கிழமை என்று வைத்து, திங்கள்சந்தையின் திங்கள்கிழமையும் ஒத்துவர வேண்டும் என்றால் கதை வேறு. 7 புதிய பகா எண், எங்கேயும் ஒளிய இடமில்லை, 180×7 = 1260 நாள். பெருக்கிவிட்டு மீப்பெரு பொதுக் காரணியால் வகுக்கும் குறுக்குவழி இரண்டு எண்களுக்கு மட்டும்தான் சரி. 45, 60, 2 மூன்றுக்கும் பொதுக் காரணி 1 என்பதால் அது 5400 என்று தப்பாகச் சொல்லும்.

பிரபவ முதல் அட்சய வரையிலான நம் அறுபது வருஷத்தையும் இதே கண்ணால் பார்க்கலாம். வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு ஏறக்குறைய 30. 12 = 2×2×3, 30 = 2×3×5. தாளில் 2 2 3 5 எழுதினால், பெருக்கினால் 60, அதில் 12-ஐ மறைத்தால் 5 தெரியும், 30-ஐ மறைத்தால் 2. வியாழன் ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று.