இரண்டு முறை சுட்ட கிண்ணம்

பாங்காக் அரண்மனையில் புழங்கிய, பெஞ்சரோங் என்னும் பலநிறப் பீங்கான் வகைப் பழைய கிண்ணம் ஒன்றைப் பார்த்தால், அதில் வெறும் இடமே இருக்காது. சீனப் பீங்கான் ஓவியர் வெள்ளைத் தரையில் ஒரு பூங்கொத்தை வரைந்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடுவார். பெஞ்சரோங்கில் விளிம்பு முதல் அடி வரை சிவப்பு, பச்சை, மஞ்சள், கருப்பு, வெள்ளை என்று நிறங்கள் நெருக்கியடித்து நிற்கும். நடுவே கைகூப்பிய தேவர்கள், பாதி மனிதன் பாதி சிங்கமான நரசிங்கம். வடிவமைப்பு முழுக்க சயாமுடையது, அதாவது இன்றைய தாய்லாந்தினுடையது. ஆனால் கிண்ணம் சயாமில் செய்யப்பட்டதல்ல, சீனாவில் சுட்டது.

பாங்காக்குக்கு முன் அயுத்தயா தலைநகராக இருந்த காலத்திலேயே இந்தப் பாத்திரங்கள் வந்துகொண்டிருந்தன. நிறங்களோடு தங்கமும் சேர்ந்த 'லாய் நாம் தோங்' வகை செழித்தது சயாம் மன்னர் இரண்டாம் ராமாவின் ஆட்சியில், அதாவது 1809 முதல் 1824 வரை. அவர் கவிஞர், நாடகங்கள் எழுதியவர், மூன்று தந்தி வயலின் வாசித்தவர், சுதத் கோயிலின் பெரிய மரக்கதவைத் தன் கையாலேயே செதுக்கத் தொடங்கியவர். அரசவையில் சுந்தோன் பூ போன்ற கவிஞர்களை வைத்திருந்தார். சாப்பாட்டுத் தட்டையும் அவர் கலையாகவே பார்த்தார் என்பதில் வியப்பில்லை.

சரி, இவ்வளவு நிறங்கள் பீங்கானில் எப்படி ஒட்டுகின்றன?

பீங்கான் உடம்புக்கு வெண்களிமண்ணும் ஒருவகைப் பாறைத்தூளும் வேண்டும். மேலே கண்ணாடி போன்ற தெளிவான மெருகு பூசி, ஏறக்குறைய 1,300 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். அந்தச் சூட்டில் உடம்பின் ஒரு பகுதி உருகி, துளைகளை அடைத்து, நீர் புகாத பொருளாக இறுகுகிறது. சிக்கலும் இங்கேதான் வருகிறது. அந்த வெப்பத்தைத் தாங்கும் நிறமிகள் மிகக் குறைவு. கோபால்ட் நீலம் தாங்கும். சீனாவின் நீலவெள்ளைப் பாத்திரங்கள் அவ்வளவு பெருகியதற்கு அது ஒரு காரணம். மற்ற பல நிறங்கள் ஆவியாகும், மங்கும், அல்லது மெருகோடு கலந்து ஓடிவிடும்.

அதனால் நிறத்தை முதல் சூட்டுக்குப் பிறகு, இறுகிவிட்ட மெருகின் மேல் தீட்டினார்கள். அதைப் பெயின்ட் என்று நினைக்கக் கூடாது. நிறமூட்டிய கண்ணாடியைப் பொடியாக்கிக் குழைத்தது அது. மணலின் முக்கியப் பொருளான சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஈய ஆக்சைடைச் சேர்த்தால் சிலிக்காவின் அணுக்கள் கைகோத்து நிற்கும் வலைப்பின்னல் இடையிடையே அறுந்துபோகும். அப்போது 700, 800 டிகிரியிலேயே கண்ணாடி இளகும். கீழே இருக்கும் மெருகுக்கு அந்தச் சூடு போதாது, அது அசையாமல் இருக்கும். மேலே இருக்கும் பொடி மட்டும் உருகி அதோடு பிணைந்துவிடும். தங்கப் பூச்சுக்கு இன்னும் குறைந்த சூடு போதும் என்பதால் அதைக் கடைசியில் வைத்தார்கள். கிழங்கை முதலில் போட்டு, கொத்தமல்லியைக் கடைசியில் தூவும் குழம்பின் ஒழுங்குதான் இது.

நிறம் தருபவை உலோகங்கள். செம்பிலிருந்து பச்சை, இரும்பிலிருந்து சிவப்பு. எனக்கு மிகவும் பிடித்தது ரோஜா நிறம். அதைத் தருவது தங்கம்! கண்ணாடிக்குள் சில பத்து நானோமீட்டர் அளவுத் துகள்களாகத் தங்கம் சிதறியிருக்கும்போது, அதன் எலெக்ட்ரான்கள் பச்சை ஒளியின் அலையோடு சேர்ந்து அதிர்ந்து அதை விழுங்கிவிடுகின்றன. மிஞ்சுவது நம் கண்ணுக்கு ரோஜாவாகத் தெரிகிறது. ஆக ஒரே கிண்ணத்தில் தங்கம் விளிம்பில் மஞ்சளாகவும் பூவிதழில் ரோஜாவாகவும் இருக்கும். நானோ என்ற சொல்லே இல்லாத காலத்தில், சூளைக்காரர்கள் கைப்பழக்கத்தில் இதைச் சாதித்திருக்கிறார்கள்.

இதற்கான மண்ணும் சூளையும் கைத்திறனும் ஒருசேர இருந்த இடம் சீனாவின் ஜிங்தெசென். அங்கே சயாமின் மாதிரி ஓவியங்கள் போக வேண்டும், பாத்திரங்கள் திரும்பி வர வேண்டும். அதற்குக் கப்பல் வேண்டும்; கப்பலுக்கு நல்லுறவு வேண்டும். சயாம் சீனப் பேரரசருக்குத் திறை அனுப்பிய நாடு. திறையோடு போன கடிதங்களில் இரண்டாம் ராமாவின் பெயர் 'செங் ஃபோ'. செங் என்பது, அவருடைய தந்தை கவிழ்த்த தாக்சின் மன்னரின் குடும்பப்பெயர். பெய்ஜிங்கின் கணக்கில் அரசமரபு அறுபடாமல் இருக்கவே அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். பெயரளவில் பணிந்ததற்குக் கிடைத்த பலன் தென்சீனாவின் கான்டன் துறைமுகத்தின் கதவு. மிளகு, பதிமுகம், வெள்ளீயம், தந்தம் போயின. பட்டும் பீங்கானும் வந்தன. வணிகத்தைக் கவனித்தவர் மன்னரின் மகன் ஜெட்சதாபோதின். தந்தை அவரைச் செல்லமாக 'சீன முதலாளி' என்றே அழைப்பாராம். பின்னாளில் மூன்றாம் ராமாவானவர் அவர்தான்.

மேற்கத்தியரிடமும் கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. 1820இல் போர்ச்சுகீசியருக்குத் தூதரகம் வைக்க ஆற்றங்கரையில் நிலம் கொடுத்தார்கள். 1822இல் இந்திய கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு அனுப்பிய ஜான் கிராஃபர்ட் வந்தார். ஆனால் அவர் கேட்டது வேறு. சரக்கை யார் யாரிடமும் வாங்கலாம், விற்கலாம் என்று ஆக வேண்டும். அரண்மனைப் பண்டகசாலையின் தனியுரிமை போக வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் சயாம் மலாய் அரசான கெடாவைப் பிடித்திருந்தது. அதன் சுல்தான் பிரிட்டிஷாரின் பினாங்கில் தஞ்சம் புகுந்திருந்தார். அவரைத் திரும்ப அரியணையில் அமர்த்தவும் கிராஃபர்ட் பேசிப் பார்த்தார். பர்மாவோடு பகையில் இருந்த சயாமுக்கோ துப்பாக்கிகள் வேண்டியிருந்தன. அதற்கு கிராஃபர்ட் உறுதி தரவில்லை. பேச்சு முறிந்தது.

இதைச் சயாமின் பிடிவாதம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீனா கேட்டது சடங்கு. மன்னரின் வணிகத்தில் அது கைவைக்கவில்லை. பிரிட்டன் கேட்டது அந்த வணிகத்தையே. கோயில், நாடகம், பீங்கான் எல்லாவற்றுக்கும் பெரும் வருவாய் அங்கிருந்துதான் வந்தது என்னும்போது, அரண்மனை வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

வேதியியல் ஒரு வழியையும் திறந்தே வைத்திருந்தது. கடினமான முதல் சூடுதான் சீனாவைச் சார்ந்தது. 800 டிகிரி சூளையை எங்கும் கட்டலாம். ஐந்தாம் ராமாவின் காலத்தில் இளவரசர் விச்சைச்சான் அதைத்தான் செய்தார். வெள்ளைப் பாத்திரங்களைச் சீனாவிலிருந்து வரவழைத்து, பாங்காக்கிலேயே நிறம் தீட்டிச் சுட்டார். இன்று சமுத் சாகோன் மாகாணத்தின் தோன் கை தீ கிராமத்திலும் அதே முறைதான். வெள்ளைப் பீங்கானை வாங்கி வந்து, இப்போது தங்கக் கோட்டை முதலிலேயே இழுத்து, கட்டங்களுக்குள் ஒவ்வொரு நிறமாக நிரப்பி, இரண்டாவது சூட்டை அங்கேயே கொடுக்கிறார்கள்.