வஜ்ஜிரத்தைக் கொதிக்க விடாதீர்கள்

"இப்பலாம் வர்ற வஜ்ஜிரம் ஒட்டி நிக்கவே மாட்டேங்குதுண்ணா" என்று போன வாரம் ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். சென்னை ராயபுரத்தில் பழைய மரச்சாமான்களைப் பழுது பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. வஜ்ஜிரம் நாங்கள் மரம் ஒட்டுகிற பசை. அவர் கொண்டுவந்த டப்பாவை மோந்து பார்த்தேன். கருகல் வாடை. கேஸ் அடுப்பில் நேரடியாக வைத்துக் குழம்பு மாதிரி கொதிக்க விட்டிருக்கிறார். தொழிலுக்கு வந்த புதிதில், மேஸ்திரி டீ குடிக்கப் போன நேரத்தில், நானும் அதைத்தான் செய்தேன். ஈட்டி மர நாற்காலி ஒன்று நான்கு மாதத்தில் கால் கழன்று திரும்பி வந்தது.

வஜ்ஜிரம் என்பது மாட்டுத் தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை வேகவைத்து எடுப்பது. அந்தப் புரதத்தின் நீளமான சங்கிலிகள்தான் மரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 60 முதல் 65 டிகிரி சூடு போதும். 70ஐத் தாண்டவிட்டால் சங்கிலி துண்டு துண்டாக அறுந்துபோகும். வம்பு என்னவென்றால், அறுந்த பசையும் பார்க்கப் பசை மாதிரியேதான் இருக்கும், அப்போதைக்கு ஒட்டவும் செய்யும்.

நான் செய்வது இப்படி. ஒரு பங்கு காய்ந்த வஜ்ஜிர மணிக்கு, அதாவது குருணைக்கு, எடையில் ஒன்றரை முதல் இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர். மணியாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம், தகடாக இருந்தால் ராத்திரி முழுக்க ஊற வேண்டும். ஊறியது ஜவ்வரிசி மாதிரி உப்பி, நடுவில் கடினம் இல்லாமல் நசுங்கணும். அப்புறம் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கிச் சூடாக்குவேன். சட்டியில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். கைச்சூடு பார்த்தே சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பிரஷ்ஷைத் தூக்கினால் சொட்டுச் சொட்டாக விழாமல், கட்டியாகவும் விழாமல், அறுபடாத ஒழுக்காக இறங்கினால் பதம் சரி. ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துத் தட்டிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பஞ்சு நூல் மாதிரி இழை எழும்பும். கொதித்துக் கெட்ட பசையில் அந்த இழை சரியாக வராது.

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பசை சட்டென்று உறையாமல் இருக்க மரத்தைச் சூடாக்கச் சொல்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். நம் ஊர் மே மாதத்தில் அதற்கு அவசியமே இல்லை. பிரச்சினை நேர்மாறானது. மதியம் தகரக் கூரைக்கு அடியில் பசை உறையாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். கையால் தேய்த்து ஒட்டி விட்டுவிடும் வேலையெல்லாம் அப்போது ஆகாது. விடியற்காலையில் ஒட்டுங்கள், இல்லையென்றால் கிளாம்ப் போட்டு மறுநாள்தான் கழற்றுங்கள். கழுந்தை, அதாவது துளையில் பொருந்தச் செதுக்கிய மர முனையை, துளைக்குள் ஒருமுறை இறக்கிய பிறகு ஆட்டிப் பார்க்காதீர்கள்.

கடல் காற்றில் வஜ்ஜிர மணி ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். எலிக்கும் கரப்பானுக்கும் வேறு இதன்மேல் தனிப் பிரியம். மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். கரைத்த பசையை அன்றன்றைக்குத் தேவையான அளவே செய்யுங்கள். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடணும். புளித்த நாற்றம் வந்தால் குப்பைக்குத்தான்.

இவ்வளவு பாடு எதற்கு, ஃபெவிகால் இருக்கிறதே என்பார்கள். புதுச் சாமானுக்குத் தாராளமாகப் போடுங்கள். பழைய சாமானுக்கு வேண்டாம். வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய இணைப்பை வெந்நீர் துணியும் பொறுமையும் இருந்தால் மரம் உடையாமல் பிரித்துவிடலாம். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போட்ட இடத்தில் வஜ்ஜிரம் ஒழுங்காகப் பிடிக்காது, மரத்தைச் சுரண்டித்தான் எடுக்கணும். ஈரம் படுகிற இடத்துக்கு வஜ்ஜிரம் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் இருந்து படகுப் பலகைக்குக் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று, இது மாட்டுத் தோல். புலால் தொடாத குடும்பங்கள் நிறைய இருக்கிற சவுகார்பேட்டையில் இருந்து பூஜை மண்டபம் பழுதுக்கு வந்தால், வேலையைத் தொடும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவேன். வேண்டாம் என்றால் வேறு பசைதான். ஒட்டிய பிறகு சொல்வதற்கு எனக்கு வாய் வராது.