எலும்பு வேர்விடும் உலோகம்

செந்தூலில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போன வருடம் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். உள்ளே வைத்தது டைட்டானியம். "இரும்பு மாதிரி கெட்டின்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு ஆறு வாரம் தடி?" என்று வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்விதான். அந்த ஆறு வாரமும் எலும்புக்குத்தான் தேவை.

மாமாக் கடையில் ஆட்டெலும்பு சூப் குடிக்கும்போது, மூட்டுப் பக்கமாக வெட்டிய துண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெளியே வழுவழுவென்று கெட்டி ஓடு. உள்ளே கடற்பஞ்சு மாதிரி பொடிப்பொடித் துளைகள். வாய் வைத்து உறிஞ்சினால் சாறு வருகிறதே, அந்தத் துளைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்திருப்பதால்தான் வருகிறது. செயற்கை மூட்டின் மேல்பூச்சு செய்கிறவர்கள் காப்பியடிக்கப் பார்ப்பது இந்த அமைப்பைத்தான்.

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. 1952-இல் சுவீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க், இரத்த ஓட்டத்தைக் கவனிக்க முயலின் கால் எலும்பில் சிறு டைட்டானியக் கருவியைப் பதித்தார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைக் கவ்விக்கொண்டிருந்தது. காற்று பட்டதுமே டைட்டானியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று படிந்துவிடும். அதனால் உடல் அதோடு சண்டைக்குப் போவதில்லை.

ஆனால் இடுப்புக்கு அந்த ஒட்டு மட்டும் போதாது. சும்மா நடந்தாலே உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சுமை அங்கே இறங்குகிறது. அதனால் உலோகத்தின் மேல் டைட்டானிய மணிகளையோ பொடியையோ சூட்டில் ஒட்டவைத்து, துளைகள் நிறைந்த ஒரு தோலை உண்டாக்குகிறார்கள். துளையின் அகலம் பொதுவாக 100 முதல் 500 மைக்ரோன். தலைமுடி சுமார் 70 மைக்ரோன் தடிமன் என்றால் அளவு புரியும். எலும்பு செல் இதைவிடச் சின்ன இடுக்கில்கூட நுழைந்துவிடும். ஆனால் அதற்குச் சோறு போட இரத்தக்குழாயும் கூடவே வரவேண்டுமே! துளை குறுகலாக இருந்தாலோ, மறுபக்கம் அடைத்திருந்தாலோ உள்ளே நல்ல எலும்பு வளராது. சூப் எலும்பில் பார்த்த அந்தத் தொடர்பு இங்கேதான் உயிர்நாடி.

இதற்கும் மேலே பலர் இன்னொரு பூச்சு பூசுகிறார்கள். ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் அது. நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதே வகைக் கனிமம்தான். அதன் பொடியை, 10,000 டிகிரியையும் தாண்டும் பிளாஸ்மாச் சுடருக்குள் (மின்சாரத்தால் தகிக்கவைத்த வாயு அது) செலுத்தி உலோகத்தின் மேல் பீய்ச்சுகிறார்கள். பொடி கண நேரம்தான் சுடரில் இருக்கும். அதற்குள் மேற்பரப்பு உருகி, போய் மோதி, தட்டையாக அப்பிக்கொள்ளும். சூடு மிஞ்சினால் கனிமம் சிதைந்து, உடலுக்குள் சீக்கிரம் கரைந்துவிடும். அதிகக் கனமாகப் பூசினால் உரிந்து வரும் அபாயம் உண்டு. பக்குவமாக அமைந்தால் கால்சியமும் பாஸ்பேட்டும் மெல்லக் கசிய, எலும்பு செல்கள் அதைச் சொந்த இடம்போல் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும்.

சரி, தடி எதற்கு? பெரியம்மா ஒரு காலத்தில் தோட்டத்தில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர். அதை வைத்தே சொன்னேன். மொட்டுப் பட்டையைச் செருகி இறுக்கிக் கட்டிய பிறகு அது அசைந்தால் என்ன ஆகும்? "பிடிக்காது, காஞ்சிடும்" என்றார். இங்கேயும் அதே கதைதான். உலோகம் எலும்புக்குள் 50 மைக்ரோனுக்குள் அசைந்தால் எலும்பு வளர்ந்து கவ்வும். 150 மைக்ரோனைத் தாண்டினால் துளைகளில் எலும்புக்குப் பதிலாக நார்த் திசு நிரம்பிவிடும். முக்கால் முடி அகல அசைவுக்கும் இரண்டு முடி அகல அசைவுக்கும் உள்ள வித்தியாசம், ஒரு மூட்டு நிலைப்பதற்கும் ஆடிப்போவதற்கும் உள்ள வித்தியாசமாக ஆகிவிடலாம். அன்றைக்கு அப்புறம் அவர் தடியைப் பற்றிக் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் எக்ஸ்ரே எடுத்தோம். மூட்டு பிடிக்காமல் தளர்ந்திருந்தால் உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். டாக்டர் பேனா முனையால் உலோகத்தின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை தடவிக்கொண்டே வந்தார். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடவே தேடினார். கோடு எங்கேயும் இல்லை.