இரவு பத்து மணிப் பசி காலையிலேயே தொடங்குகிறது

ஃபிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995-ல்தான் டிவி வந்தது. அதுவரை அங்கே வாட்டசாட்டமான உடம்புதான் அழகு. மெலிந்தால் ஊரே கவலைப்படும், நம் பாட்டிகளைப் போல. டிவி வந்த சில வாரங்களில் ஒருமுறையும் 1998-ல் மறுமுறையும் மனநல மருத்துவர் ஆன் பெக்கர் குழு பள்ளி மாணவிகளிடம் ஆய்வு செய்தது. உணவுக் கோளாறை, அதாவது சாப்பாடு, எடை பற்றிய மனநலக் கோளாறைக் கண்டறியும் வினாத்தாளில் அபாய அளவைத் தொட்டவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமானார்கள். எடை குறைக்க வாந்தி எடுத்தவர்கள் முதலில் ஒருவருமில்லை, பிறகு 11.3 சதவீதம். சிறிய ஆய்வுதான், இரண்டு முறையும் வேறு வேறு மாணவிகள். டிவி மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மூன்றே வருடத்தில் இவ்வளவு மாற்றம் சாதாரணமில்லை.

இன்று அந்த டிவியின் இடத்தில் ரீல்ஸ். ஃபில்டர் போட்ட இடுப்பைப் பார்த்துவிட்டு, காலையில் வெறும் காபி, மதியம் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய். இரவு பத்து மணிக்கு மிக்சர் டப்பா காலி, மீந்த சோறும் காலி. 'எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை' என்று அழுதுவிட்டு மறுநாளும் பட்டினி.

இது மனக்கட்டுப்பாட்டுப் பிரச்சினையே இல்லை. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆறு மாதம் பாதியளவு உணவே தந்தார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு நிறைந்த பிறகும் சிலரால் நிறுத்த முடியவில்லை. அவர்கள் யாரும் அழகுக்காகப் பட்டினி கிடக்கவில்லை. பட்டினி கிடந்த உடம்பு அப்படித்தான் செய்யும். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கே நாளைக்குச் சுமார் 1,660 கலோரி தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). நெட்டில் சுற்றும் 800 கலோரி டயட் அதில் பாதிகூட இல்லை. முதல் வாரம் குறையும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர், கொழுப்பு அல்ல.

பட்டினி, அளவில்லாத சாப்பாடு, பிறகு ரகசியமாக வாந்தி என்று சிலருக்கு இது முற்றும். எடை சரியாக இருந்தால் வீட்டில் கண்டுபிடிக்க மாட்டார்கள். சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது, தாடையோரம் வீக்கம், விரல் மொளியில் காய்ப்பு, முன்பல்லின் உட்பக்கம் தேய்வது, மூன்று மாதமாக மாதவிலக்கு வராதது இவற்றைக் கவனியுங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பு தடுமாறும். ரத்தப் பரிசோதனையோடு ஈசிஜியும் தேவை. வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்கக் கூடாது, அமிலத்தில் இளகிய எனாமல் இன்னும் தேயும். தண்ணீரில் கொப்பளித்து அரை மணி நேரமாவது பொறுக்கணும்.

சிகிச்சையில் முதலில் சரிசெய்வது நேரத்தைத்தான்: மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு கூடாது. இரவு அதிகமாகச் சாப்பிட்டிருந்தாலும் காலை இட்லியை விடக் கூடாது. அதை விட்டால் அன்றிரவும் அதே கதைதான். எடை பார்ப்பது வாரம் ஒருமுறை போதும். 'குண்டாயிட்டே' மட்டுமில்லை, 'இளைச்சுட்டே, சூப்பர்' என்பதையும் வீட்டில் நிறுத்துங்கள்.

பல நாள் கிட்டத்தட்ட பட்டினியாகவே இருந்தவருக்கு மட்டும் வீட்டில் வயிறுமுட்ட ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்கு மருத்துவமனையில்தான் உணவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். மனநல ஆலோசனைக்கு அரசின் தொலைபேசி உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.